புகைக்குழாயும் மலைரோடும்: சத்தம் யாருடையது?

"பாஸ், இதுக்கு ஒரு ஹெடர் போட்டா எவ்வளவு முடியும்?"

பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கராஜ்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் நம்ம வயதுப் பொடியங்க. வண்டி ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப்பாக இருக்கும். இல்லாவிட்டால் அண்ணன் லீசிங்கில் எடுத்த கெப்பாக இருக்கும். கம்பனி பூட்டி அனுப்பிய வார்ப்பிரும்பு மேனிபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக வளைந்து வரும் குழாய்களைப் பூட்ட வேண்டும். பின்னால் சைலன்சரையும் மாற்ற வேண்டும். அப்புறம் ஹாலிஎல ஏற்றத்தில் மிதித்தால் எதிர்மலை வரைக்கும் கேட்கும்.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுத்தான் உண்டு. பெரியவர்கள் "இவனுகளுக்குத் திமிரு" என்கிறார்கள். பொடியங்க "வண்டி நல்லா இழுக்குது" என்கிறார்கள். நாங்கள் மூன்றாவதாக ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தோம். இந்தக் குழாய் உண்மையில் என்ன வேலை செய்கிறது? நம்ம மலைக்கு இது எப்படி வந்தது? இந்த மலையில் என்ஜின் சத்தம் இதுவரை யாருடைய சத்தமாக இருந்தது? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஹெடர் கேட்கும் பொடியனிடம் பேச நமக்கு ஏதாவது இருக்கும்.

குழாயின் கணக்கு

நாலு சிலிண்டர் என்ஜினில் வெடிப்பு வரிசை பொதுவாக 1-3-4-2. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. 6000 சுற்றில் ஓடும் பெட்ரோல் என்ஜினில் ஒரு சிலிண்டர் மட்டும் செக்கனுக்கு 50 தடவை இப்படித் தள்ளும். புகை ஒரே சீராக வருவதில்லை, அடி அடியாக வருகிறது. கம்பனி மேனிபோல்டில் நாலு வாயும் உடனேயே ஒரு குறுகிய பெட்டிக்குள் சேர்கின்றன. ஒருவர் தள்ளும் புகை அடுத்தவர் வாசலில் போய் முட்டும்.

ஹெடர் செய்வது ஒரு எளிய வேலை. நாலு பேருக்கும் தனித்தனி வழி கொடுத்து, கூடுமானவரை ஒரே நீளத்தில் கொண்டுபோய், கொஞ்சம் தள்ளி ஒன்றுசேர்க்கிறது. ஒரு குழாயில் வேகமாகப் போகும் புகை தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்லும். குழாய்கள் சேரும் இடத்தில் அந்த வெற்றிடம் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்து விடும். சிலிண்டர் நன்றாகக் காலியானால் புதுக் காற்று கூடுதலாக உள்ளே வரும். 1ஐயும் 4ஐயும் முதலில் சேர்த்து, 2ஐயும் 3ஐயும் சேர்த்து, பிறகு அந்த இரண்டையும் ஒன்றாக்குகிற நாலு-இரண்டு-ஒன்று அமைப்பு நடுத்தர வேகத்துக்கு உதவும். நாலையும் நேரே ஒன்றாக்குகிற அமைப்பு உச்ச வேகத்துக்கு உதவும். குழாய் நீளமானால் பலன் குறைந்த சுற்றில் கிடைக்கும், குட்டையானால் கூடிய சுற்றில் கிடைக்கும். எல்லாச் சுற்றிலும் பலன் தருகிற குழாய் என்று ஒன்று கிடையாது. ஹெடர் விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

1924: ரயிலின் மூச்சு

வெளியேறும் புகையையே இழுவிசையாக மாற்றும் யோசனை மோட்டார் வாகனத்தைவிட மூத்தது. நம்ம மலைக்கு அது ரயிலில் வந்தது.

நீராவி ரயிலின் புகைபோக்கியிலிருந்து "ஷக் ஷக்" என்று வரும் சத்தம் சும்மா வரும் சத்தம் இல்லை. சிலிண்டரில் வேலை முடித்த நீராவியை ஒரு குறுகிய குழல் வழியாகப் புகைபோக்கிக்குள் மேல்நோக்கிப் பீச்சுவார்கள். அந்த வேகம் கொதிகலனின் புகையை இழுத்துக்கொண்டு போகும். அதனால் அடுப்புக்குள் காற்று பாய்ந்து நெருப்பு மூளும். ஏற்றத்தில் பாரம் கூடக்கூட நீராவி பலமாகப் பீச்சும், நெருப்பும் அதற்கேற்ப எரியும். 1804இல் ட்ரெவிதிக் தன் வண்டியில் கழிவு நீராவியைப் புகைபோக்கிக்குள் விட்டார். 1829இல் ஸ்டீபன்சனின் ரொக்கெட் வண்டியிலும் இது இருந்தது. ஹெடரும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் வெளியே போகிறதை வைத்து உள்ளே வருவதை இழுக்கலாம் என்ற அடிப்படை ஒன்றுதான்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே ரயில் வந்துவிட்டது. நானுஓயாவுக்கு 1885, ஹப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு 1894. அங்கிருந்து பதுளைக்கு இறங்க இன்னும் 30 வருடம் பிடித்தது. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு தன் அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. ஒன்பது வளைவுப் பாலம் வேண்டியிருந்தது. கடைசியில் 1924இல் பதுளை ஸ்டேஷன் திறந்தது. இந்தப் பாதையின் உச்சி பட்டிப்பொலவுக்குப் பக்கத்தில், 1,898 மீட்டர் உயரத்தில். ஏற்றம் பல இடங்களில் 44 அடிக்கு ஒரு அடி. இரும்புச் சக்கரத்துக்கு அது செங்குத்து. அதற்காகவே 1920களின் கடைசியில் இரண்டு பக்கமும் சக்கரத் தொகுதி வைத்த கரட் என்ஜினைக் கொண்டுவந்தார்கள். 1954இலிருந்து கனடா தந்த டீசல் என்ஜின்கள் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தன.

இந்த ரயில் யாருக்காக வந்தது என்று சொல்லத் தேவையில்லை. தேயிலைப் பெட்டி கீழே போக வேண்டும், அரிசி மேலே வர வேண்டும். மலையை உடைத்ததிலும் கல் சுமந்ததிலும் நம்ம ஆட்களின் முதுகும் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் வேறு.

தப்பு, சங்கு, மோட்டார் சைக்கிள்

தோட்டத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் சம்பளம், குடியுரிமை, லயம் என்றே எழுதுகிறோம். அதைச் சத்தத்தின் வரலாறாகவும் எழுதலாம்.

விடியலுக்கு முன் தப்பு அடித்தால் பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். ஸ்டோரில் சங்கு ஊதினால் வேலைக்கு நேரம். நேரம் கைக்கடிகாரத்தில் இருக்கவில்லை, காதில் இருந்தது. அப்புறம் என்ஜின் வந்தது. பெரிய தொரைக்குக் கார், பிறகு ஜீப். சின்னத் தொரைக்கு மோட்டார் சைக்கிள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கீழ்ரோட்டில் அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பேச்சு நிற்கும், கை வேகமாகும், கங்காணியின் குரல் உயரும். வண்டி கண்ணில் படுவதற்கு முன்னமே அதன் அதிகாரம் வந்து சேர்ந்துவிடும். எந்தத் தொரை, எந்த வளைவில் வருகிறார், கோபமாக வருகிறாரா என்பதைக்கூடச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய அம்மாயிகள் நம்ம லயங்களில் இருந்திருக்கிறார்கள். என்ஜினைத் தொடாமலேயே அதை வாசிக்கப் பழகிய மக்கள் நாம்.

அதே காலத்தில் தொரைமாருக்கு என்ஜின் ஒரு விளையாட்டாகவும் இருந்தது. நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டத்தோடு சேர்ந்த அந்தப் பந்தயம் நடந்தது தேயிலைத் தோட்டத்து ரோட்டில். கொழுந்து லொறிக்காகத் தொழிலாளர்கள் வெட்டிப்போட்ட வளைவுகள் பந்தய வளைவுகள் ஆயின. மலையேற்றப் பந்தயத்தில் வெல்வதற்கு உச்ச வேகத்தைவிட வளைவிலிருந்து வெளியே வரும்போது கிடைக்கும் இழுவைதான் முக்கியம். அதற்காகத்தான் உலகமெங்கும் ஆட்கள் குழாயை வளைத்து, வெட்டி, நீளத்தை மாற்றிப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில், முக்கியமாகக் கலிபோர்னியாவில், பழைய கார்களை வாங்கி வேகமாக்கும் இளைஞர்கள் இதைச் செய்தார்கள். 1950களில் ஹெடர் பெட்டியில் போட்டு விற்கும் சாமானாகிவிட்டது. அவர்கள் வைத்திருந்தவை பெட்ரோல் வண்டிகள், பெரிய என்ஜின்கள். ஓட்டியது நேர் ரோட்டில். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்து லொறியிலிருந்து கெப் வரை

தோட்டத்தில் நமக்குக் கிடைத்த முதல் வாகனம் கொழுந்து லொறி. சாக்கு ஏற்றுகிற அதே பெட்டியில்தான் பிள்ளைவலி வந்த பெண்ணையும், மரத்திலிருந்து விழுந்தவரையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறி ஸ்டோரில் இல்லாவிட்டால் காத்திருப்பு. தொரை கையெழுத்துப் போடாவிட்டாலும் காத்திருப்பு. இரவில் மேட்டு டிவிஷனுக்கு லொறி ஏறும் சத்தம் கேட்டால் லயமே விழித்துக்கொள்ளும். யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம்.

1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. நிர்வாகம் மாறினாலும் லொறியின் சாவி நம்ம கைக்கு வரவில்லை. ஆனால் ஸ்டியரிங் வந்தது. தோட்டத்து டிரைவர் என்பது நம்மில் கொஞ்சப் பேருக்குக் கிடைத்த மரியாதையான தொழில். டிரைவரின் மகன் கராஜில் கோலயாவாகச் சேர்வான். ஸ்பெனர் எடுத்துக்கொடுத்து, டீ வாங்கிவந்து, ஒயில் கழுவி, அஞ்சாறு வருடத்தில் என்ஜின் இறக்கக் கற்றுக்கொள்வான். மலையகத்தின் மெக்கானிக் வரலாறு இப்படித்தான் எழுதப்பட்டது, அதாவது எழுதப்படவேயில்லை.

பிறகு லீசிங் வந்தது. வீடும் காணியும் நம்ம பேரில் இல்லை, பேங்கில் ஈடு வைக்க ஒன்றும் இல்லை. லீசிங்கில் வண்டியே ஈடு. அதனால் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் பேரில் முதன்முதலாகப் பதிந்த பெரிய சொத்து பல இடங்களில் வீடாக இருக்கவில்லை. ஒரு திரீவீலாகவோ, பழைய பிக்கப்பாகவோ, இந்தியாவிலிருந்து வந்த பட்டா லொறியாகவோ இருந்தது. வெலிமடைக் கிழங்கும் பண்டாரவளைக் கோவாவும் கெப்பெட்டிப்பொல பொருளாதார மையத்துக்குப் போகிற வண்டிகள் இவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 நெருக்கடியில் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருடமும் பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டியவர்கள் நம்ம பாஸ்மாரும் கோலயாக்களும்தான்.

நாட்டில் டபுள் கெப் என்றால் வேறொரு அர்த்தமும் உண்டு. அரசியல்வாதி, பின்னால் பாதுகாப்பு ஆட்கள், "விலகு" என்கிற ஹோர்ன். லயத்துப் பொடியன் ஒருவன் கெப் வாங்கி அதில் சத்தமான குழாய் போடும்போது அவன் வாங்குவது குதிரைவலுவை மட்டும்தானா? தொரையின் மோட்டார் சைக்கிளுக்கும் மந்திரியின் கெப்புக்கும் பயந்து ஒதுங்கி நின்ற ரோட்டில், இப்போது தான் வருவதை மற்றவர்கள் கேட்க வேண்டும் என்ற ஆசை அது. அந்த ஆசையை நாங்கள் கேலி செய்யமாட்டோம். அதற்கு நூறு வருடக் காரணம் இருக்கிறது.

ஆனால் வண்டி இழுக்கிறதா?

இப்போது கணக்குக்கு வருவோம். ஹப்புத்தளை ஏறக்குறைய 1,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 100 பங்கு காற்று இழுக்கிற என்ஜினுக்கு அங்கே சுமார் 85 பங்குதான் கிடைக்கும். பதுளை டவுன் 680 மீட்டர், அங்கே 92 பங்கு வரைக்கும் கிடைக்கும். டர்போ இல்லாத பழைய ஹைலக்ஸில் இருக்கும் 2,446 சிசி டீசல் என்ஜின் புதிதில் 80 சொச்சம் குதிரைவலு. அதில் பத்துப் பன்னிரண்டு ஹப்புத்தளைக் காற்றிலேயே கரைந்துவிடும். பட்டா லொறியின் பாடு இன்னும் மோசம். ஆரம்பத்தில் வந்தவை 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைவலு. அதை வைத்துக்கொண்டு மரக்கறி மூட்டையோடு மலை ஏறுகிறோம்.

காற்றுக் குறைவுதான் பிரச்சினை என்றால் ஹெடர் அதைத் தீர்க்காதா? பெட்ரோல் என்ஜினில், கூடிய சுற்றில் கொஞ்சம் உதவும். டீசல் அந்தச் சுற்றுக்கே போவதில்லை. பாரத்தோடு ஏற்றத்தில் 2000 சுற்றில் உருளும் என்ஜினில் ஒரு சிலிண்டர் செக்கனுக்கு 17 தடவைதான் புகை தள்ளும். அந்த வேகத்தில் குழாயின் இழுப்பு மிகச் சிறியது.

டர்போ பூட்டிய புது கெப்பில் கதை இன்னும் தெளிவு. டர்போவைச் சுற்றுவதே புகையின் சூடும் வேகமும்தான். அதனால்தான் கம்பனி மேனிபோல்டைக் குட்டையாகவும் கனமாகவும் செய்து டர்போவை என்ஜினோடு ஒட்டி வைக்கிறது. நடுவில் நீளக் குழாயை நுழைத்தால் சூடு வழியிலேயே போய்விடும், டர்போ எழும்பத் தாமதமாகும். ஹெடர் போட்ட பிறகு "இழுக்குது" என்று தோன்றுவதில் பெரும்பங்கு காதின் வேலை. சத்தம் கூடினால் வேகம் கூடியது போல இருக்கும்.

மலையில் காற்றுக் குறைவுக்கு உண்மையான மருந்து டர்போதான். பழைய வண்டிக்கு அதைவிட மலிவான மருந்துகள் உண்டு: அடைபட்ட எயார் ஃபில்டரை மாற்றுவது, இன்ஜெக்டரைச் சோதிப்பது, வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது, கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்ப்பது. இதில் ஒன்றுக்கும் சத்தம் வராது. அதனால் ஒன்றையும் யாரும் கூட்டாளிக்குக் காட்ட முடியாது.

பூட்டுகிறதானால்

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள், பழைய மேனிபோல்ட் வெடித்துப்போனவர்கள் ஹெடர் பூட்டத்தான் போகிறார்கள். அவர்களுக்காகவும், வேலையைச் செய்யப்போகும் கோலயாவுக்காகவும் சில விஷயம்.

மேனிபோல்ட் ஸ்டட்டுகள் சூட்டிலும் மழையிலும் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஒயில் விட்டு, என்ஜின் ஆறிய பிறகு மெதுவாகக் கழற்ற வேண்டும். ஒரு ஸ்டட் உடைந்தால் துளைபோட்டு எடுக்கிற வேலை ஒரு நாளைத் தின்னும். ஹெட்டின் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டி, புதுக் கெஸ்கட் போட வேண்டும். எல்லா நட்டையும் முதலில் கையால் மாட்டி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டு, பிரேக் லைன், ஸ்டார்ட்டர் மோட்டார், வயர் எல்லாவற்றுக்கும் குழாய்க்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய குழாய் வார்ப்பிரும்பைவிடக் கூடுதலாகச் சூட்டை வெளியே விடும். பிரேக் ஒயில் கொதித்தால் மலைரோட்டில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சில தடவை சூடாகி ஆறிய பிறகு நட்டை மறுபடி இறுக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது "டிக் டிக்" என்று கேட்டால் எங்கோ கசிகிறது. அந்தக் கசிவு கெபினுக்குள் வந்தால் ஆபத்து. மார்க்கெட் திறக்கும் வரைக்கும் என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏத்திவிட்டுத் தூங்குகிற பழக்கம் நம்ம டிரைவர்களுக்கு உண்டு. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

இன்னொன்று, கராஜில் பைப் வெட்டி ஹெடர் செய்கிறவர்கள் சில சமயம் கையில் கிடைக்கிற ஜி.ஐ. பைப்பை எடுக்கிறார்கள். அதன் மேல் இருப்பது நாகப் பூச்சு. வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாகும். அதைச் சுவாசித்த கோலயாவுக்கு இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். "பனி பட்டிருக்கும்" என்று சொல்லிப் பனடோல் கொடுப்பார்கள்.

கடைசியாக, எங்கள் பார்வையில் மிக முக்கியமானது இறக்கம். சமதரைக்காரர்களுக்குப் புகைக்குழாய் என்றால் வேகம். மலைக்காரர்களுக்கு அது பிரேக்கும்கூட. கன்டர், எல்ஃப் மாதிரி லொறிகளில் எக்ஸோஸ்ட் பிரேக் இருக்கிறது. புகைக்குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு. டிரைவர் சுவிட்சைப் போட்டால் அது குழாயை மூடும். புகை வெளியேற முடியாமல் பிஸ்டனை எதிர்த்து அழுத்தும், என்ஜினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால் பிரேக் சூடாகாமல் நீண்ட இறக்கம் இறங்கலாம். சத்தத்துக்காகக் குழாயை மாற்றும்போது அந்தத் தகட்டையும் கழற்றி மூலையில் போடுகிற வேலை நடக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறையில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில் குறைந்தது 14 பேர் போனார்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல-வெல்லவாய ரோட்டில் 15 பேர் போனார்கள். அந்த விபத்துகளுக்கும் ஹெடருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எந்த மாதிரி ரோட்டில் நாம் பிழைப்பு நடத்துகிறோம் என்பதற்கு அவை சாட்சி. ஏற்றத்தில் வலு குறைந்தால் கூட்டாளி சிரிப்பான், அவ்வளவுதான். இறக்கத்தில் பிடிப்பு போனால் அடுத்த வளைவு இல்லை.

பொக்ஸ்ஹில்

ஊவாவில் என்ஜின் சத்தத்தைக் கேட்கவென்றே ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடும் இடம் ஒன்று உண்டு. தியத்தலாவை இராணுவப் பயிற்சிக் கல்லூரிப் பக்கம் இருக்கும் பொக்ஸ்ஹில். 1900இல் தென்னாபிரிக்க போவர் போர்க் கைதிகள் ஏறக்குறைய 5,000 பேரை ஆங்கிலேயர் அடைத்து வைத்த அதே தியத்தலாவை. மலைச்சரிவில் இருக்கும் நரி உருவத்தை 'பொக்ஸ்' என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் அமைத்ததாகச் சொல்கிறார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. அங்கே நடக்கும் சுப்பர் குரோஸ் பந்தயத்துக்குப் பதுளை மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும், தோட்டங்களிலிருந்தும் சனம் போகும். மஹகஸ்தோட்டத்தில் தொரைமாரின் விளையாட்டாகத் தொடங்கியது, பொக்ஸ்ஹில்லில் எல்லாருக்கும் ஒரு பெருநாள் ஆனது.

2024 ஏப்ரல் 21, புதுவருட விடுமுறையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்த பந்தயம். ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்று. 20க்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அன்றைக்குப் பந்தயம் நின்றது. எங்களுக்குள் ஒரு கேள்வி அன்றிலிருந்து நிற்கிறது: சத்தத்தைக் கேட்க வந்தவர்களுக்கும் வேகத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பந்தயத் திடலுக்காவது வேலி போடலாம். பதுளை-பசறை ரோட்டில் பள்ளிக்கூடம் விட்டு ஓரமாக நடக்கிற பிள்ளைக்கும் கெப்புக்கும் நடுவில் வேலி கிடையாது.

யார் கேட்கிறார்கள்?

மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். சைலன்சர் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2008 முதல் புகைப் பரிசோதனை வந்தது. 2025 ஜனவரியில் மேலதிகமாகப் பூட்டிய சாமான்களையும் சத்தமான சைலன்சர்களையும் கழற்ற வைக்கப் பொலிஸ் இறங்கியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பேச்சு "பொலிஸ் பிடிக்குமா, பிடிக்காதா" என்பதோடு நின்றுவிட்டது. அபராதத்தைப் பற்றி மட்டும் பேசினால் நாம் அசல் கேள்வியைத் தவறவிடுவோம்.

லயத்தின் சுவர் மெல்லியது. கூரைத் தகரத்துக்குக் கீழே ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். இரவு பதினொரு மணிக்குச் சத்தமான குழாயோடு லயத்து ரோட்டில் கெப் ஏறினால், அதைக் கேட்கிறவர் தொரை இல்லை. அவர் பங்களா தூரத்தில் இருக்கிறது. கேட்கிறவர் விடிய ஐந்துக்கு எழும்பி சமைத்து வைத்துவிட்டு மலைக்குப் போகும் நம்ம அம்மா. பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சி. இன்றைக்கு முடியவில்லை என்று படுத்திருக்கும் தாத்தா. லொறி ஏறும் சத்தத்துக்குப் பதறி விழித்த அதே ஆட்கள். தொரையின் சத்தம் யாரை அதட்டியதோ, அவர்களையே இந்தச் சத்தமும் அதட்டுகிறது. அதிகாரத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் குழாய் என்றால், அது தவறான வீட்டு வாசலில் நின்று கத்துகிறது.

அப்படியென்றால் என்ஜின் மேல் இருக்கும் ஆசையை என்ன செய்வது? அதை விடக்கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம். நூறு வருடமாக இந்த மலையில் என்ஜினைக் கேட்டோம், கழுவினோம், ஓட்டினோம், திருத்தினோம். சொந்தமாகத்தான் வைத்திருக்கவில்லை. இப்போது வண்டி நம்ம பேரில் வருகிறது. அறிவும் நம்ம பேரில் வர வேண்டும். கராஜில் வேலை கற்றவர்களுக்கு வகுப்பில் உட்காராமலேயே, செய்து காட்டி மதிப்பீடு பெற்று, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. நம்ம கோலயாக்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் படிவமும் பாடமும் தமிழில் கிடைக்கிறதா என்பது அடுத்த சண்டை. அந்தச் சண்டையை நாம் போட வேண்டும். சான்றிதழ் உள்ள மெக்கானிக் வெளிநாடு போனாலும் ஊரில் கராஜ் போட்டாலும் "கோலயா" என்று யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அதனால் அடுத்த தடவை "ஹெடர் ஒண்ணு போட்டா எவ்வளவு முடியும்?" என்று ஒரு தம்பி கேட்டால், திமிரு என்று திட்டாதீர்கள். போனட்டைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த என்ஜின், டர்போ இருக்கிறதா, எந்தச் சுற்றில் ஓட்டுகிறான், இறக்கத்தில் எதை நம்பி இறங்குகிறான் என்று அவனிடமே கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பாதிப் பேர் ஹெடர் போடமாட்டார்கள். மீதிப் பேர் ஏன் போடுகிறோம் என்று தெரிந்து, ஒழுங்கான சைலன்சரோடு போடுவார்கள். இரண்டும் நமக்கு நல்லதுதான்.